எப்போ செட்டில் ஆகப் போறே?

வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் பலகையில் ‘செட்டில் டவுன்’ என்று எழுதி, இதற்கு என்னென்ன பொருள் என்று கேட்டேன். கல்யாணம் என்றது முதல் பெஞ்சு. கவர்ன்மென்ட் வேலை என்றது கடைசி பெஞ்சு. வேறு, வேறு என்று நான் துரத்தத் துரத்த, சொந்த வீடு, குழந்தை, கார் என்று வந்துகொண்டே இருந்தன. ஒருத்தர்கூட நாற்காலியைச் சொல்லவில்லை. நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்காருவதும் அதே தொடர்தான். கூச்சல் போடும் பிள்ளைகள் அடங்குவதற்கும் அதே. படபடப்பு தணிவது, புது இடம் பழகிப்போவது, ஓர் ஊரில் காலூன்றுவது, அலைச்சலை விட்டு ஒரு வேலையில் உட்காருவது எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

இப்படி ஒரு தொடர் மாட்டினால் எனக்குச் சோறு இறங்காது. அன்று வீடு திரும்பும்போதே மனதுக்குள் தமிழ்ச் சொற்களை வைத்து வைத்துப் பார்த்தேன். அமர்வது, அடங்குவது, தணிவது, படிவது, நிலைகொள்வது, குடியமர்வது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பொருந்தி, மறுபக்கம் துருத்திக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் அந்தத் தொடரின் பின்பாதியை எப்போதோ உதறிவிட்டு, ‘செட்டில்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். அதுவும் பெரும்பாலும் கேள்வியாகத்தான் வாழ்கிறது, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாக.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி அக்காமேல்தான் அதிகம் விழுந்தது. அக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஓர் அலுவலகத்தில் வேலை. அவளும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அம்மாவும் கீழ்பென்னாத்தூரில், நெல்லும் மணிலாக் கடலையுமாக. வந்த வரன்களை அக்கா மறுத்ததில்லை. சிலது ஜாதகத்தில் நின்றது, சிலது காரணம் சொல்லாமலே நின்றது. போன வருடம் அவள் வேங்கிக்காலில் புது மனைகள் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கினாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை.

வீடு வாங்கியதில் அப்பாவுக்குப் பெருமைதான். குடிபோவதில்தான் சிக்கல். புதுமனை ஹோமத்துக்கு ஐயரிடம் கேட்டபோது, தம்பதியாக யார் உட்காருவார்கள் என்றார். நீங்களும் அம்மாவும் உட்காருங்கள் என்று அக்கா அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“கல்யாணம் ஆவட்டும், மாப்பிள்ளையோட வந்து பால் காய்ச்சிக்கலாம். அதுவரைக்கும் பூட்டி வை” என்றார்.

“பூட்டி வைக்கவாப்பா வாங்கினேன்?”

“பொண்ணு தனியா குடிபோய்ட்டானு தெரிஞ்சா அப்புறம் யாரும்மா வந்து கேப்பாங்க?”

அக்கா காலண்டரை எடுத்தாள். ஹோமம் வேண்டாம், பால் மட்டும் காய்ச்சிக்கொள்ளலாம் என்று ஒரு காலையைக் குறித்தாள். அப்பா உள்ளே வராவிட்டால் அந்த வீட்டில் தன்னால் ஒருநாளும் நிம்மதியாக இருக்க முடியாது என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். இவ்வளவு பிடிவாதத்துக்குக் கீழே இவ்வளவு பயம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

எனக்கு அந்த நாட்களில் கோபம் ஜாஸ்தி. எங்கள் ஊர் யாரைத்தான் குடியமர விடவில்லை? அடி அண்ணாமலைப் பக்கம் போய்ப் பாருங்கள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று விமானம் ஏறி வந்து, வருடக்கணக்கில் தங்கிவிட்டவர்கள், தனியாக வீடெடுத்து, தனியாகக் கீரை வாங்கி, தனியாகச் சைக்கிளில் போகிறார்கள். கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்திருப்பவர்களிடம் குடும்பம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், மலை கூப்பிட்டிருக்கிறது என்பார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண்ணை மலை கூப்பிடக் கூடாதா? இதை நான் அப்பாவிடமே கேட்டேன். அவங்கல்லாம் யார் வூட்டுப் பிள்ளைங்களோ, இவ என் பொண்ணு என்றார்.

குறித்த நாளில் அப்பா வந்தார். ஆனால் வேனைவிட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். காற்று நல்லாயிருக்கிறதாம். அம்மா, சித்தி, அக்கா, நான் மட்டும் சாமி படத்தோடும் அரிசி உப்போடும் உள்ளே போனோம். கேஸ் இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. அதனாலென்ன என்று நான் எங்கள் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுபோயிருந்தேன். பளபளவென்று புது எவர்சில்வர் பாத்திரம். பால் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

பால் ஏறியது. ஏடு கட்டி, விளிம்புவரை வந்தது. நாங்கள் எல்லாரும் குனிந்தோம். பீப் என்றொரு சத்தம். அடுப்பு தானாக அணைந்துவிட்டது. பால் மரியாதையாகக் கீழே இறங்கிக்கொண்டது. பால் பொங்கி வழியாமலிருப்பதற்கென்றே செய்த பொத்தானை, பால் பொங்கி வழிய வேண்டிய ஒரே நாளில் அழுத்தியிருக்கிறேன்.

“பொங்கலியே” என்றாள் சித்தி. பிறகு அடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நெருப்பையே காணோமே, பாப்பா?” என்றாள். அம்மாவின் முகம் வெளுத்தது. அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் வேறு பொத்தானைத் தேடினேன். அடுப்பு பீப் பீப் என்று கத்தியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பா வாசலுக்கு வந்தார். இன்னும் பொங்கலியா என்று வெளியிலிருந்தே கேட்டார். ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

“அந்தப் பொட்டிய எடு” என்றார் என்னிடம்.

கட்டி மிச்சமான செங்கல் பின்பக்கம் கிடந்தது. மூன்றை எடுத்துவந்து சமையலறை நடுவில் வைக்கப் போனவர், தரையைப் பார்த்து நின்றுவிட்டார். புது டைல்ஸ். அக்கா ஊரெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது.

“கரியாயிடும்மா” என்றார்.

“வைங்கப்பா.”

சாரம் கட்டிய சவுக்குத் துண்டுகளை அக்காவே ஒடித்துக் கொடுத்தாள். புகை அறையை அடைத்தது, எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். யாருடையது புகையால், யாருடையது இல்லை என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பால் ஒரேயடியாகப் பொங்கி, செங்கல்லில் வழிந்து, டைல்ஸில் ஓடியது. கிழக்கால பொங்கியிருக்கு என்று சித்தி திருப்திப்பட்டாள்.

டம்ளர் கைக்கு வந்ததும் சித்தி தொடங்கிவிட்டாள். “வீடு ஆயிடுச்சு. இவளை எப்போ மாமா செட்டில் பண்ணப் போறீங்க?”

அக்கா கையில் வைத்திருந்த பாலைக் குடிக்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

“பால் ஆறுது, குடி” என்றார் அப்பா சித்தியிடம்.

அவர் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வாரமே ஒரு வரனோடு போன் வந்தது, அக்காவும் சரி பார்க்கலாம் என்றாள். ஆனால் அன்று மத்தியானம், சித்தி போன பிறகு, அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்தபோது அப்பா எழுந்திருக்கவில்லை. மணிலாவுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்.

“புது வீட்டை மொத நாளே இருட்டுல வுட்டுட்டுப் போறதா?” என்றார். சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். பிறகு அக்காவிடம், விளக்கேற்ற எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார்.

எண்ணெய் வாங்க அவளுக்குத் தோன்றவே இல்லை. இருவருமாகத் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினார்கள். அப்பா மாட்டிய சட்டையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வழி தெரியாததால் அக்காவுக்கு ஓரடி பின்னால் நடந்தார்.