அடுப்புச் சூட்டில் பொரித்த வெள்ளை

லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் குளிராத இடம் ஒன்றுதான் இருந்தது: ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில், இலையை உலர்த்தும் டிரையர் அறை. அதன் அடுப்புக்கு விறகு போடுகிறவன் வீரய்யா. நாங்கள் எல்லாம் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி வரும் காலையில் அவன் பெனியனோடு, கழுத்தில் கரி படிந்த துவாயோடு நிற்பான். அதிகம் பேசமாட்டான். நெருப்பையே பார்த்துப் பழகிய ஒரு பார்வை அவனுக்கு இருந்தது. நம்மைப் பார்க்கும்போதும் நமக்குப் பின்னால் எரிகிற எதையோ பார்ப்பதுபோல.

அவன் மனைவி பூரணி, அவனுடைய அக்கா மகள். மலையில் கொழுந்து பறிப்பவள். இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டும் உயிரில்லாமல். இரண்டாவது முறை, பெரியாஸ்பத்திரி டொக்டர் "சொந்தத்திலா கட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து மூன்றில் பூரணி மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

அந்த வருஷம்தான் தோட்டத்து மேனேஜரான பெரியதொரை பாம்பு கொண்டுவந்தார். ஆப்பிரிக்கச் சாதி, யாரோ சிநேகிதர் மூலம் வந்த ஒரு சோடி. குட்டையான, தடித்த பாம்புகள். கருமண் நிறத்தில் மஞ்சள் திட்டுகள். தொட்டால் கடிக்காது, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். பங்களாக் குளிரில் அவை இரையெடுக்காமல் கிடக்கவே, தொரை அவற்றைப் பெட்டியோடு டிரையர் அறைக்கு மாற்றினார். பெட்டை அங்கேயே முட்டையிட்டது. முட்டைகளை ஈரமான தேங்காய்த் தும்புத்தூளில் புதைத்து அடுப்புச் சுவரோரம் வைத்தார்கள். சூடு கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது வீரய்யாவின் வேலையாயிற்று.

"என்னா வீரய்யாண்ணே, அடையில உக்காந்தாச்சா?" என்பான் விறகு சுமந்து வரும் மூக்கன். "கொக்கரிக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

"வெறகப் போட்டுட்டுப் போடா."

"பொரிச்சு வந்து ஒன்னைய அம்மான்னு கூப்புடும் பாரு. பூரணியக்காகிட்ட மொதல்லயே சொல்லி வையி."

தொரை சிங்களவர்; ஆனால் தோட்டத் தமிழை எங்களைப் போலவே பேசுவார். ஒருநாள் பெட்டிக்குமேல் குனிந்தபடி சொன்னார்: "தாய் தகப்பன் ரெண்டும் பார்க்க சாதாரணம்தானே, வீரய்யா? ஆனா ரத்தத்துல வேற நெறம் ஒளிஞ்சிருக்கும். தாய்க்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் அதே சாமான் இருந்தா குட்டியில வெளிய வரும். மஞ்சளா வரும், வெள்ளையா வரும். வராமலும் போகும்."

"எப்ப வரும்னு எப்புடிங்க தொரை தெரிஞ்சிக்கிறது?"

"ஏலாது. யாராலயும் சொல்ல ஏலாது. அதுக்குத்தானே இந்தப் பைத்தியம்."

வீரய்யா விறகுக் கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "ரெண்டும் ஒரே குடும்பமா இருந்தா எப்புடிங்க தொரை?"

"அப்ப இன்னும் நல்லம்," என்றார் தொரை சந்தோஷமாக. "வர்றதுக்கு வாய்ப்பு கூட."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பெட்டியை விட்டு விலகவில்லை. முட்டையை அடுப்பின் வாய்க்கு எதிரே பிடித்தால் உள்ளே சிவந்த நரம்புகளும், நடுவில் சுருண்ட ஒரு நிழலும் தெரியும். ஒன்றில் மட்டும் நிழல் இல்லை. வெளிச்சம் அதற்குள் போய் அப்படியே தங்கிவிட்டது. வெறும் முட்டை என்று நினைத்துக் கீழே வைக்கப்போனபோது, உள்ளங்கையில் அது மெல்லப் புரண்டது.

குட்டிகள் ஒவ்வொன்றாக ஓட்டைக் கிழித்துத் தலை நீட்டின. எல்லாம் மண்ணிறம். நிழல் இல்லாத முட்டை மட்டும் திறக்கவில்லை. தொரை சிறிய கத்தரிக்கோலை நீட்டினார். "மேல்தோலை மட்டும் வெட்டு. விட்டா உள்ளுக்கே மூச்சு முட்டிச் சாகும்."

வீரய்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கு ஏலாதுங்க தொரை. வீட்டுல அவ மாசமா இருக்கா. பாம்பு மேல நான் இரும்பு வைக்கக் கூடாது."

"உனக்கு என்ன விசரா?" தொரை சிரித்துக்கொண்டே தாமே வெட்டினார்.

உள்ளே இருந்தது பாலாடைபோல வெள்ளை. ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. தொரை சிங்களத்தில் ஏதோ கத்திவிட்டார். மூக்கன் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, கும்பிட்டபடியே வெளியே ஓடினான். பிறகுதான் தொரை அதைத் தூக்கி முகத்தருகே வைத்தார். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் வழவழவென்று தோல் மூடியிருந்தது.

"சே," என்றார் தொரை. "நெறத்தோட சில நேரம் இதுவும் சேர்ந்து வரும்." அதைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஸ்டோருக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நாகலெட்சுமி, போத்தலில் பாலும் மஞ்சளுமாக. நாகம்மாவே வெள்ளையாய் வந்திருக்கிறாள் என்று மூக்கன் மலை முழுக்கச் சொல்லியிருந்தான். கடைசியில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு பூரணி வந்தாள். வீரய்யா மறிப்பதற்குள் பெட்டிக்கு நேரே நின்றுவிட்டாள். குட்டி தலையை மேலே தூக்கியது. தூக்கிய தலை நிற்காமல் பின்பக்கமாகச் சுழன்று, மல்லாந்து, காற்றில் எதையோ தேடியது.

"அடியே, அதுக்குக் கண்ணு இல்லடி!" நாகலெட்சுமி அலறினாள். "வாயும் வயிறுமா இருக்கவ எதுக்க நின்னா பாம்புக்குக் கண்ணு அவிஞ்சிரும்னு தெரியாதா? ஒன்னைய யாருடி வரச் சொன்னா?"

எல்லோரும் பூரணியைப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது.

"மாமா," என்றாள் வீரய்யாவிடம். "போன ரெண்டு வாட்டியும் மலையில சாரையப் பாத்தேன். ரெண்டும் என்னையப் பாத்துட்டு நல்லா வெலகிப் போச்சு. அப்ப உள்ளாற உசிரு இல்ல. இது இருக்கு, மாமா. இந்தப் புள்ளைக்கு பலம் இருக்கு."

அந்தக் கண் முட்டைக்குள்ளேயே மூடியிருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீரய்யா அடுப்புப் பக்கம் திரும்பி, தேவையில்லாமல் ஒரு கட்டையைத் தள்ளினான்.

பூரணி அதன்பிறகு வயிறாரச் சாப்பிட்டாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள். தையில் பனி விழுந்து கொழுந்து கருகியது. இலை இல்லாமல் டிரையர் நின்றது. தொரை மற்றப் பாம்புகளைக் கொழும்புக்கு அனுப்பினார். கண்ணில்லாததை அங்கே யாரும் கேட்கவில்லை. ஆறிப்போன அடுப்பின் முன்னால் அதைத் தன் பெனியனுக்குள் வைத்துக்கொண்டு வீரய்யா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அது செத்தபோது ஸ்டோருக்குக் கீழே தேயிலைச் செடியடியில் புதைத்தான். பூரணியிடம், அதுவும் கொழும்புக்குப் போய்விட்டது என்றான்.

மாசியில் குழந்தை பிறந்தது. பெண். பிறந்ததுமே வீறிட்டு அழுதது. லயமே வந்து பார்த்தது. வீரய்யா மட்டும் முகத்துக்கு அருகே போகவில்லை. கை கால்களைத் தொட்டான், தோலின் நிறத்தைப் பார்த்தான். கண்களைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

நாற்பது நாள் கழிந்த ஒரு பின்னேரம், மூடுபனி வாசல்வரை வந்து நின்றபோது, பூரணி தண்ணீருக்குப் போயிருந்தாள். வீரய்யா குப்பி லாம்பை ஏற்றிக் குழந்தையின் முகத்துக்கு மேலே பிடித்தான். மெல்ல இடப்பக்கம் நகர்த்தினான். கண்கள் கூடவே வந்தன. வலப்பக்கம் நகர்த்தினான். அங்கேயும் வந்தன. அவன் தரையில் உட்கார்ந்து, லாம்பை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு அழுதானாம்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது குழந்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. லாம்பை அல்ல, அவனையும் அல்ல. அதன் கண்கள் சுவரின் அடியோரமாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, மிக மெதுவாக ஊர்கிற எதையோ தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன.