அண்ணன் வைத்த நேரம்

போன சனிக்கிழமை ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்ய நீடாமங்கலம் பக்கம் போயிருந்தேன். சரிசெய்தும் விட்டேன். அன்றிலிருந்து எனக்குத்தான் எதுவும் சரியாக இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் அண்ணனைத் தெரிந்திருக்கும். சென்ற வருஷம் ஒரு வாரத்துப் பத்தி முழுக்க அவரைக் கேலி செய்து எழுதியிருந்தேன். ஆறு ஏக்கர் நெல் விவசாயி, அறுபத்தைந்து வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் வாங்கி, 'அப்டேட் ஆகமாட்டேங்குது' என்று எனக்குப் போன் செய்வாரே... அவரேதான். திரையில் வரும் எர்ரர் நம்பரை, சர்வே நம்பர் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். "பூஜ்யம்... எக்ஸ்... எட்டு... எழுதிக்கிட்டியாடா? இதுக்கு யார்கிட்ட மனு குடுக்கணும்?" என்று கேட்பார். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாக நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள்.

நான் அவருக்குச் சொன்ன பதிலையும் அதில் எழுதியிருந்தேன். "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்கண்ணே." நான்கு முறை கூப்பிட்டார். நான்கு முறையும் இதே பதில்தான்.

புரட்டாசிக் கடைசியில் அண்ணன் இறந்துபோனார். வயலில் உரம் போட்டுவிட்டு வந்து, கைகால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கனடாவிலிருந்து அவர் மகன் செந்தில் வந்தான். காரியமெல்லாம் முடித்துவிட்டு, லீவு தீர்ந்து திரும்பிப் போனான். இப்போது அந்த வீட்டில் அண்ணி மட்டும்.

அண்ணிக்கு வாரத்தில் ஒரே ஒரு காலைதான் விடிகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. அன்றைக்குத்தான் அந்தக் கம்ப்யூட்டரில் மகனைப் பார்ப்பார், பேத்தி யாழினியைப் பார்ப்பார். போனில் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அவருக்கு ஒரு கண்ணில் புரை. ஐப்பசியில் செய்வதாக இருந்த ஆபரேஷன், அண்ணன் போனதில் அப்படியே நிற்கிறது. பெரிய திரையில் பார்த்தால்தான் முகம் பிடிபடுகிறது.

முந்தின ஞாயிறு அந்தத் திரை கையை விரித்துவிட்டது. கம்ப்யூட்டரை அப்டேட் செய்தால்தான் வீடியோ கால் என்று ஒரு பெட்டி வந்து நின்றதாம். எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்களுக்கு நேரமிருந்தா ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

போனேன். அண்ணன் கூப்பிட்டபோதெல்லாம் போகாதவன், இப்போது முதல் ரயிலைப் பிடித்துப் போனேன். சம்பா பயிரெல்லாம் கதிர் வாங்கி நிற்கிறது. அண்ணன் போட்ட உரம்.

கம்ப்யூட்டர் உள் அறையில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... அந்த அறைக்குள் நான் போனதே அன்றைக்குத்தான். பொங்கலுக்கு வருவேன், கூடத்தில் இலை போடுவார்கள், சாப்பிடுவேன், அடுத்த ரயிலில் தஞ்சாவூர் திரும்பிவிடுவேன்.

அப்டேட் பொத்தானை அமுக்கினேன். பூஜ்யம் சதவீதம். அங்கேயே நின்றது. பிறகு அண்ணன் வாசித்த அதே நீளமான எண். 'மீண்டும் முயற்சிக்கவும்.'

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். ரீஸ்டார்ட். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? வேண்டிய அளவு இருந்தது. இன்டர்நெட்? நன்றாக வந்தது. பாதியில் நின்ற பழைய டவுன்லோடுகளை அழித்துப் பார்த்தேன். தானே கோளாறு கண்டுபிடிக்கும் பொத்தான் ஒன்று உண்டல்லவா, அதையும் அமுக்கினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை என்றது.

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். மணி பன்னிரண்டரை, இரவு. ஜன்னலுக்கு வெளியே காலைப் பத்து மணி வெயில்.

"அண்ணி, இதுல மணி தப்பா இருக்கே?"

"தப்பில்ல தம்பி. அது செந்தில் ஊரு மணி. உங்க அண்ணன் வெச்சது."

அண்ணி சொல்லித்தான் அந்தக் கதை எனக்குத் தெரியும். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள். நமக்குத்தான் தெரியுமே, தண்ணீர் வந்தால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அண்ணன் கரையில் நின்றபடியே மகனைக் கூப்பிட்டிருக்கிறார். இங்கே நடுப்பகல். அங்கே விடியற்காலை மூன்று. வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று செந்தில் பதறி எழுந்து, பேச்சே வராமல் அழுதிருக்கிறான். "ஆத்துல தண்ணி வந்துருச்சுடா" என்று இவர் சொன்ன பிறகும் அவனுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

அன்று மாலையே அண்ணன் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அவன் நேரத்துக்குத் திருப்பிவிட்டார். முறைப்படி அதில் ஊரின் பெயரை மாற்றியிருக்கலாம். இரண்டாவது கடிகாரம் ஒன்று சேர்த்திருக்கலாம். அதெல்லாம் அவருக்கு யார் சொல்லித்தந்தது? சுவர்க்கடிகாரத்தைத் திருப்புவது போல, முள்ளை நகர்த்தி வைத்துவிட்டார். அப்டேட் தரும் கம்ப்யூட்டர் எங்கோ இருந்துகொண்டு இந்த மணியைப் பார்க்கிறது. ஒத்துவரவில்லை, கதவைச் சாத்திவிடுகிறது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி என்ன பிரயோஜனம்? நான்கு போனில் ஒரு போனிலாவது 'மணி என்ன காட்டுதுண்ணே' என்று கேட்டேனா? கேட்கவில்லை. பத்திக்கு விஷயம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

"மாத்தினாத்தான் சரியாகும் அண்ணி."

"அது மட்டும் வேணாங்க தம்பி." குரல் உயரவில்லை. "வேற எது வேணா பண்ணுங்க. காலையில எந்திரிச்சு அதைத்தான் பாப்பேன். இப்ப தூங்குவான், இப்ப வேலைக்குக் கிளம்புவான்னு... அவரு இருக்கறப்ப சொல்லிட்டே இருப்பாரு. அது ஒண்ணுதான் அவரு வெச்சபடி இருக்கு."

நான் கையை எடுத்துவிட்டேன். வேறு வழி கிடைக்குமா என்று வயர்களைப் பார்ப்பது போல மானிட்டருக்குப் பின்னால் குனிந்தேன். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி காலண்டரில் கிழித்தது, பின்பக்கம் அண்ணன் கையெழுத்து.

நவம்பர் – ஒரு மணி பின்னால். மார்ச் – ஒரு மணி முன்னால். இப்படி மாற்றி மாற்றி ஐந்து வரி. அந்த ஊரில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாமே, அதற்கான கணக்கு. நான்கு வரிக்கு நேராகப் பேனாவால் டிக். ஐந்தாவது, இந்த நவம்பர். அதற்கு டிக் இல்லை.

டிக் போட அவர் இல்லை.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். சாவுக்கு வந்தபோதுகூட அப்படி அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. இரண்டு மாதமாக அந்தக் கடிகாரம் நம் நேரத்தையும் காட்டவில்லை, செந்தில் நேரத்தையும் காட்டவில்லை.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க?"

"அதுல ஒம்பது ஆனதும். அவன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துருவான்னு அவருதான் சொல்லி வெச்சிருந்தாரு. ஆனா கொஞ்ச நாளா கார்ல உக்காந்துதான் பேசுறான் தம்பி. புள்ளைய கண்ணுலயே காட்டல. ஏண்டான்னா, சும்மாதாம்மாங்கிறான்."

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தாளைக் காட்டி, மெதுவாகச் சொன்னேன். இதில் ஒன்பது என்றால் அங்கே எட்டுதான். அவன் அப்போதுதான் வேலை முடிந்து வண்டியில் ஏறுகிறான்.

அண்ணி தாளை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்தைப் படித்தாரா, எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, தெரியாது.

"நான்தான் ஒரு மணி நேரம் முன்னாடியே கூப்பிட்டுட்டு இருந்தனா?" என்றார். பிறகு, "மாத்திருங்க தம்பி. அவரு இருந்திருந்தா மாத்தியிருப்பாரு."

மாற்றினேன். ஒரே சொடுக்கு. அண்ணன் இரண்டரை வருஷமாகக் கையால் காத்துவந்த இரவு போய், எல்லோருக்கும் பொதுவான நடுப்பகல் வந்து உட்கார்ந்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்டேட் ஓடத் தொடங்கியது. இரண்டு... ஏழு... பதினெட்டு. 'கணினியை அணைக்க வேண்டாம்' என்றது. சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் நூறு சதவீதத்தைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது. கடைசியில் செந்தில் ஊருக்கென்று இரண்டாவது கடிகாரம் ஒன்றைச் சேர்த்துவைத்தேன். மார்ச்சிலும் நவம்பரிலும் அதுவே திருத்திக்கொள்ளும், யாரும் தொட வேண்டாம் என்றேன். அண்ணி தலையாட்டினார். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

அன்றிரவு தங்கிவிட்டேன். ஞாயிறு காலை ஏழரை மணி, அங்கே சனிக்கிழமை இரவு ஒன்பது. செந்தில் சோபாவில் இருந்தான். மடியில் யாழினி, பல் தேய்த்த வாயோடு.

"என்னம்மா, இன்னிக்கு லேட்டு?"

"லேட்டு இல்லப்பா. இன்னிக்குதான் சரியான நேரம்."

அண்ணி பேத்தியோடு பேசி முடித்துச் சமையலறைக்குப் போனதும், ஏன்டா சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன். "அப்பா வெச்ச மணியப் பாத்து அம்மா கூப்பிடுறாங்க சித்தப்பா. அது தப்புன்னு எப்படிச் சொல்றது? கார்லயே பேசிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்" என்றான்.

கிளம்பும்போது பார்த்தேன். அந்தத் தாள் மானிட்டரின் முன்பக்கத்துக்கு வந்திருந்தது. ஐந்தாவது வரிக்கு நேராக, கொஞ்சம் கோணலாக, ஒரு டிக்.

அந்தப் பழைய பத்தியைப் படித்துச் சிரித்த உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எழுதியவன் மேல்தான். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது 'அப்டேட் ஆகமாட்டேங்குது' என்று கூப்பிட்டால், போனிலேயே வைத்தியம் சொல்லாதீர்கள். நேரில் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

மகனுக்கும் அவருக்கும் நடுவே ஒன்பதரை, பத்தரை மணி நேரம் இருந்தது, அதை அண்ணன் தன் கையாலேயே தாண்டிவிட்டார். அவருக்கும் எனக்கும் நடுவே இருந்தது, ரயிலில் முக்கால் மணி நேரம்.