தயாராக இருக்கும் காது

என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த ஜூன் மாதத்தில், ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்திருந்த என் அப்பா அவளோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு எழுந்தார். “உன் பொண்ணாண்ட பேசணும்னா நான் கூடவே இங்கிலீசு தெரிஞ்ச ஒரு ஆளக் கூட்டிகினு வரணும் போலக்குதேப்பா,” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாதாமாதம் வருகிறவர், அடுத்த மாதம் வரவில்லை.

என் மனைவிக்கு ஊர் மண்டியா, மொழி கன்னடம். எனக்குக் கன்னடம் நன்றாகப் புரியும். அவளுக்குத் தமிழும் அப்படியே. ஆனாலும் ஒருவருக்கொருவர் சிரமம் தரக்கூடாது என்று, கல்யாணமான நாள்முதல் ஆங்கிலத்தில் பேசியே பழகிவிட்டோம். மகளுக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

அந்த ஆகஸ்டில் எங்கள் மாடிக்கு ஒரு பாஸ்க் பெண் குடிவந்தார். பொம்மனஹள்ளியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளர். ஸ்பெயினின் வடக்கில் இருக்கும் அவருடைய நாட்டைப் பற்றி நான் நிறைய வாசித்திருந்தேன். ஆனால் அவருடைய அம்மாவுக்கு இரண்டு பெயர்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஸ்பெயினைச் சர்வாதிகாரி ஒருவர் ஆண்ட காலத்தில் பாஸ்க் பெயரைப் பதியவிடவில்லை. அதனால் அரசாங்கத்துக்கு ஒரு ஸ்பானியப் பெயர், சமையலறைக்குச் சொந்தப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சாப்பிடுவார். தனிநாடு வேண்டும் என்பதை அவர் மறைத்ததில்லை. “அதற்கு நான் ரத்தத்தைக் காரணம் காட்ட மாட்டேன்,” என்றார் ஆங்கிலத்தில். “எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டவர் எல்லாரும் எங்கள் ஆட்கள். ஆனால் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அதைப் பேச இன்னொருவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்க முடியாது.”

தனிநாடு கேட்டவர்களில் சிலர் குண்டு வைத்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டேன். மழுப்பவில்லை. “அது எங்களுக்கு வெட்கம்,” என்றார். தன் அண்ணன் தனிநாடே வேண்டாம் என்பவர் என்பதையும் அவரே சொன்னார். “ஆனால் பேட்ஜ் மட்டும் அவனும் குத்திக்கொள்வான்.”

அவர்கள் ஊர்களில் சில நாட்கள் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்ளும் வழக்கம் உண்டாம். ஒன்று வாய்: புரிகிறவர் யாரானாலும் இவர் பாஸ்க்கில்தான் பேசுவார். மற்றது காது: இவருக்குப் பேச வராமல் இருக்கலாம், ஆனால் புரியும், இவருக்காக மொழியை மாற்றாதீர்கள். “பாஸ்க் பேசாத ஒரே ஒருவருக்காக மேசையில் எல்லாரும் மொழியை மாற்றிக்கொள்வோம். தடை போட்டவர்கள் போய்விட்டார்கள். இந்த மரியாதை போகவில்லை.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரீ, நாளெயிந்த நீவு தமிளல்லே மாத்தாடி. நன் கிவி ரெடி இதே,” என்றாள். நாளையிலிருந்து நான் தமிழிலேயே பேச வேண்டும். அவள் காது தயார். அவள் கன்னடத்தில் பேசுவாள். அதற்கு என் காது.

மறுநாள் காலையிலேயே தயிர் கேட்க ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டேன். “அப்பா அவுட்!” என்று மகள் கத்தினாள். அன்றிலிருந்து அவள்தான் நடுவர். எங்கள் இருவரையும் மாறி மாறி அவுட்டாக்கினாள். ஆனால் அவள் தீர்ப்பெல்லாம் ஆங்கிலத்திலேயே வந்தது. புரட்டாசி போயிற்று, ஐப்பசியும் போயிற்று. இது வேலைக்காகாது என்று மாடியில் போய்ச் சொன்னேன்.

“காது முன்னால் போகும். வாய்க்குச் சோம்பல் அதிகம்,” என்றார் அவர், கவலையே இல்லாமல்.

அப்பா கார்த்திகையில்தான் மறுபடி வந்தார். உட்கார்ந்ததும், பக்கத்தில் தட்டோடு இருந்த பேத்தியை விட்டுவிட்டு என்னிடம், “கொயந்த சாப்ட்டாளா?” என்று கேட்டார்.

மகள் நிமிர்ந்தாள். “ஏன் தாத்தா, என்னாண்ட கேக்க மாட்டியா?”

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைப் பக்கம் திரும்பி, “அம்மா, நோடும்மா, தாத்தா நன்ன மாத்தாட்சல்லா!” என்று, தாத்தா தன்னோடு பேச மாட்டேன் என்கிறார் என்பதைக் கன்னடத்தில் புகார் செய்தாள்.

வீட்டில் யாரும் அவளை அவுட் என்று சொல்லவில்லை. அப்பா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கேட்டா போச்சி. சாப்ட்டியாம்மா?”

“இல்ல. அப்பா தோசய தீச்சிட்டாரு.”