கெங்கம்மா ஒட்டிய வரிசை

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டிய சந்தில், கெங்கம்மா தன் புதுச் சமையற்கட்டில் பால் காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் சீலிங்கின் புதுப் பூச்சு பிளந்து தோசைக்கல்லின்மேல் பொத்தென்று விழுந்தது. அடுப்புக்கு மேலிருந்த டைல்ஸிலும் இரண்டு பெயர்ந்து வந்துவிட்டன.

"எல்லாம் இந்தக் கூட்ஸு வண்டிமே. அது ஆட்டுற ஆட்டத்துல இன்னா நிக்கும்?" என்றான் அவள் புருஷன் வரதன். சந்தும் அதையே சொன்னது.

கெங்கம்மா விழுந்த காரையைக் கூட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அவள்தான் சித்தாள். கொத்தனார் சாரத்தின்மேல்; அவள் கீழே, தலையில் கலவைச் சட்டியோடு. ராயபுரத்திலும் விம்கோ நகரிலும் அவள் சுமந்து எழுந்த சமையற்கட்டுகள் ஏராளம். எத்தனை சுமந்தாலும் பெண்பிள்ளை பூச்சுக் கரணையைத் தொடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். தனக்கென்று ஒரு சமையற்கட்டு அமைய இந்த வயசாகிவிட்டது.

ரயில் மேல் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியும். போன வருஷம் வரதனுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. எழுந்தான், நடந்தான், கரணையும் பிடித்தான். ஆனால் அழுத்த வேண்டிய இடத்தில் கை வெறுமனே தடவியது. இந்தச் சமையற்கட்டை அவன் பூசியபோது அதைப் பார்த்துக்கொண்டேதான் கலவை எடுத்துக் கொடுத்தாள். கை போயிற்று என்று ஒரு கொத்தனாரிடம் எந்த வாயால் சொல்வது?

இப்போது சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டு தாஹிராவின் சீலிங்கை மறுநாள் பூசித் தருவதாக அவன் ஒப்புக்கொண்டிருந்தான். அதன் கீழேதான் அவள் கைக்குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தது.

"தாஹிரா வூட்டு வேல வோணாய்யா."

"இன்னாத்துக்கு?"

"தூளி கீது அங்க."

அவன் முகம் கறுத்தது. "நான் பூசுனா வுழும்ன்றியா? வண்டி ஆட்டுதுன்றேன்!"

"அப்போ இத மட்டும் ஏன் வுட்டுச்சு?" அவள் தரையில் குந்தி, தோசைக்கரண்டியின் காம்பால் அடிவரிசை டைல்ஸைத் தட்டினாள். பாறையைத் தட்டியது போல இறுக்கமான சத்தம்.

அந்த ஒரு வரிசை அவள் ஒட்டியது. அவனால் குனிய முடியாமல், தெருக்கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கரணையைக் கொடுத்தான். "வெளிய சொல்லிடாதமே, சிரிப்பானுங்கோ" என்று அன்று அவனே சிரித்தான்.

வரதன் கரண்டியை வாங்கி மேல்வரிசையைத் தட்டினான். காலிக் குடம்போல ஒலித்தது. பக்கத்தில் தட்டினான். அதற்கும் மேலே. யார்டில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் ஓசை வந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனுக்கு?"

"மொத நாளே."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீ சாரத்துமேல நின்னுனு இருந்தே. எறங்குன்னு எப்டிய்யா சொல்லுவேன்?"

அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

விடிந்ததும் சாரத்தை அவனே இழுத்துப் போட்டான். கரணையை அவள் கையில் வைத்தான். அவள் அன்றுபோலவே கதவைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும்."

உப்பிய பூச்சை முழுக்கக் கொத்தித் தள்ளிவிட்டுப் புதிதாகப் பூசத் தொடங்கினாள். வரதன் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தான். ஒற்றைக் கையால் சுருட்டியது நிற்கவில்லை, அவிழ்ந்து விழுந்தது. அவள் இறங்கி வந்து சரியாகச் சுற்றிவைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.

ஆளைக் காணோமே என்று தேடிவந்த தாஹிரா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாண்ணே, அக்கா மேல கீது?"

"என் கை போச்சும்மா," என்றான் வரதன். "உன் வூட்டுக்கும் அவதான் பூசுவா. சம்மதமா சொல்லு."

தாஹிரா சீலிங்கையும் சும்மாட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "தூளிய அவுத்து வெச்சிர்றேன்க்கா. இத்த முட்ச்சிட்டு வாங்கோ."

அவள் போனபின் சாரத்தில் கலவை தீர்ந்தது. கெங்கம்மா வெறும் கையோடு நின்றாள்.

"கூப்புடுமே," என்றான் கீழிருந்து. "கூப்டாத்தானே சித்தாள் வருவான்."

அவள் செருமிக்கொண்டாள்.

"கலவை!"