கஞ்சி நூல்

எழுபதுகளின் கடைசியில், ஓவியம் படித்த ஒரு பெண் மெட்ராஸிலிருந்து திருத்தணியில் எங்கள் நெசவுத் தெருவுக்கு வந்தாள். பாய் விரித்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சோற்றுத் தட்டு. மறுபக்கம் எங்களிடமே கேட்டு வாங்கிய, தறியில் ஏற்றுவதற்காகக் கஞ்சியில் நனைத்த பாவு நூல்.

"எனக்கு ஊட்டலாம், இல்லேன்னா நூலால சுத்தலாம். உங்க இஷ்டம். இதுதான் என் கலை" என்றாள். அதன்பின் அசையவில்லை.

முதலில் எழுந்தவர் என் அக்கா புருஷன், நான் பாவா என்று கூப்பிடுபவர். சிரித்தபடி நூலை அவள் கைகளில் சுற்றினார். பிறகு தெருவே வரிசையில் நின்று சுற்றியது. வெயிலில் கஞ்சி காய்ந்து நூல் விறைத்தது. சோற்றை யாரும் தொடவில்லை.

"போதும் பாவா, இறுக்குது பாருங்க" என்றேன்.

"அந்தம்மாதான சுத்தச் சொல்லிச்சு. கம்முனு தான குந்திகினு இருக்குது?"

"ஊட்டவும்தான சொல்லிச்சு?"

அவர் இன்னொரு சுற்று சுற்றினார். நான் ஆறிப்போன சோற்றில் ஒரு கவளம் உருட்டி ஊட்டினேன். அவள் கண்களை மூடிக்கொண்டு மென்றாள். கத்தரிக்கோல் கொண்டுவந்து நூலை வெட்டினேன். மணிக்கட்டெல்லாம் சிவந்த தடம்.

பாவா வெட்டுப்பட்ட நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்ல நூலு, வீணாப் போவுதே."

பாவா கெட்டவர் இல்லை. என் அக்காவை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அப்படிப்பட்டவரே முதல் ஆளாக எழுந்து சுற்றினார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.