வுழு எடுத்த மரங்கள்

யுத்தம் முடிந்து, சொந்த ஊரான மன்னாருக்குத் திரும்புவதா, இடம்பெயர்ந்து வந்த கண்டக்குழியிலேயே இருந்துவிடுவதா என்று எங்கள் வீட்டில் கதை நடந்துகொண்டிருந்த காலம். அப்போது அடித்த புயல் நாங்கள் சமைக்கும் குசினியின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்துச் சவுக்குத் தோட்டத்தில் பாதி மரங்களையும் சாய்த்தது. அல்லாஹ்வின் நாட்டம், கூரையைக் கொண்டுபோன காற்றே வேலையையும் கொண்டுவந்தது.

விழுந்த மரங்கள் கடதாசிக் கூழுக்குப் போகின்றன என்றார் தோட்டத்துக்காரர். பட்டை உரித்து ஒரு லொறிக்கு அடுக்கிக் கொடுத்தால், கூரைக்கு வேண்டிய நீளக் கம்புகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். லொறியில் வந்து பார்ப்பவர் அடுக்கை வேண்டாம் என்றால் கம்பும் இல்லை. ஈரம் காய்ந்தால் பட்டை விடாது என்பதால் விடிந்ததும் தொடங்கிவிடுவோம். வாப்பா வெட்டினார். உம்மாவும் எட்டு வயது நானும் உரித்தோம். பக்கத்து அடுக்கு வாப்பாவின் தம்பியான என் சாச்சாவுடையது.

முதல் நாளே உரித்த மரமொன்றில் ஏறி நின்றேன். உம்மா பதறிப்போனார்.

"இறங்குடி! கடதாசியாகப் போற சாமான். அதில எழுத்து ஏறும், கால் படலாமோ?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. குர்ஆன்! காலில் பட்ட ஓதுகிற தாளை முத்தமிட்டு உயரத்தில் வைத்துப் பழகிய பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? அன்று பின்னேரமே, குர்ஆன் ஓதப் படிக்கும் ஓதப்பள்ளியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒரு மரத்தையும் நான் தொடவில்லை. உம்மா குறுக்குக் கட்டைகள் போட்டு, நிலத்தில் படாமல் மரங்களை அடுக்கினார். இருவரும் தேங்காய்த் தும்பை நனைத்து மணல் போகத் துடைத்தோம்.

தன் மரங்களை மணலில் இழுத்துக்கொண்டு போன சாச்சா நின்று சிரித்தார். "என்ன மதினி, மரத்துக்கு வுழு எடுத்து விடுறியளோ? தொழவும் போகுமோ?" தொழுகைக்கு முன் நாங்கள் முகம், கைகால் கழுவும் வுழுவைத்தான் சொன்னார்.

"போனாலும் போகும். நீங்க வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்தாமப் போங்க" என்றார் உம்மா.

லொறியோடு வந்தவர் முதலில் சாச்சாவின் அடுக்கைத் தடவினார். "மண். மெஷினுக்குக் கூடாது" என்று கையை விரித்தார். எங்கள் அடுக்கைச் சுற்றிவந்து, நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவச் சொன்னார். வாப்பாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. லொறிக்காரர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்துங்க. இப்படி ஒரு அடுக்கு இந்தத் தோட்டத்தில நான் காணல்ல."

எனக்கு நிலத்தில் கால் படவில்லை. "மாமா, இதில எத்தன குர்ஆன் அடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"குர்ஆனா? இது அட்டைப் பெட்டிக்கு மகள். பிஸ்கட் வருமே, அந்தப் பெட்டி."

சாச்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. உம்மா தும்பை எடுத்துச் சாச்சாவின் கையில் வைத்தார். "சிரிச்சது போதும் தம்பி. லொறி நாளைக்கும் வருமாம். வாங்க, நாங்களும் துடைக்கிறோம்."

அல்ஹம்துலில்லாஹ், அந்தக் கம்புகளால் கூரை எழுந்தது. ஓதப்பள்ளியில் மட்டும் கொஞ்ச நாள் எனக்குப் 'பிஸ்கட்' என்று பேர்.

எனக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் வாப்பா சொன்னார், பெட்டிக்குத்தான் மரம் போகிறது என்று தோட்டத்துக்காரர் முதல் நாளே அவருக்கும் உம்மாவுக்கும் சொல்லியிருந்தாராம். குர்ஆனுக்கென்று துடைத்தது நான் ஒருத்திதான். உம்மா பிஸ்கட் பெட்டிக்கே அப்படித் துடைத்திருக்கிறார்.