சர்வேயர் போர்க்குவுக்குப் பிடிக்காத பெயர்

1967-ஆம் வருடம் மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, சர்வேயர் சிசின்னியோ போர்க்கு எங்கள் வில்லாசெக்கா நகராட்சிக்கு வந்து, தன் குடும்பப் பெயரை மாற்ற வேண்டும் என்று மனுக் கொடுத்தார். வாங்கி முத்திரை குத்தியவன் நான். பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகள் இருபத்தாறு வருடம் என் கையில்தான் இருந்தன. எத்தனையோ அசட்டுத்தனங்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். இவ்வளவு மினுமினுப்பான காகிதத்தில் ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

சார்தீனியாவில் போர்க்கு என்றால் பன்றி. லத்தீனில் போர்க்குஸ். ரோமாக்காரன் எங்கள் தீவில் வந்து இறங்கியபோது கூடவே இறங்கிய சொல். அவன் போய்விட்டான், சொல் தங்கிவிட்டது. யாரோ ஒரு பாட்டன் பன்றி மேய்த்திருப்பான், அல்லது பன்றி மாதிரி முரண்டு பிடித்திருப்பான். ஊர் அவனை அப்படிக் கூப்பிட்டிருக்கும், பாதிரியார் எழுதி வைத்திருப்பார். என் குடும்பப் பெயர் கப்ராஸ். அதுவும் லத்தீன்தான், ஆடுகள் என்று அர்த்தம். நான் போய் யாரிடம் அழுதேன்?

சிசின்னியோ அழுதார். கடல் தாண்டி, தூரினில் படித்தபோது வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் பின்வரிசை உறுமியதாம். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தார். "சின்யோரா போர்க்கு" என்று யாராவது கூப்பிட்டால் அந்த அம்மாளுக்கு அன்றைக்கு முழுக்கத் தலைவலி. அதன்பிறகு மனுஷர் விருந்துகளில் பன்றிக்கறியைத் தொடுவதில்லை. அக்கா விதாலியா வீட்டுச் சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மிர்ட்டில் இலையில் சுருட்டி வைத்த பன்றிக்குட்டியின் தொடையை எலும்பு வரை சுரண்டுவார்.

மனுக் கொடுக்கும் முன்பே அதற்கு ஆதாரம் தேடி, காலியாரியிலிருந்து அனெத்தா என்ற லத்தீன் பேராசிரியரைக் காரில் கூட்டிவந்தார். ரகசியமாகவாவது கேட்டாரா? சந்தை நாளில், நிரம்பி வழியும் காப்பிக் கடை நடுவில் உட்கார வைத்துக் கேட்டார்.

"சொல்லுங்க புரொபசர். பழைய ரோமாபுரியில போர்சியுஸ்னு பெரிய வம்சம் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. பேர்பெற்ற செனட்டர் காத்தோகூட அந்த வம்சந்தான்."

சிசின்னியோ எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டீங்களா?"

"அந்தப் பேரும் பன்னியிலேருந்து வந்ததுதான் சர்வேயரே," என்றார் பேராசிரியர், சர்க்கரையைக் கலக்கியபடி. "அவங்க முன்னோரும் பன்னி வளத்தவங்கதான்னு சொல்வாங்க. அவங்க வெக்கப்பட்டதா எங்கயும் எழுதல."

கடை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. சிசின்னியோவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியிருந்தது. அந்த வம்சப் பெயரை இத்தாலியனாக்கி, மனுவில் "போர்சியோ" என்று எழுதினார்.

பெயர் மாற்றுகிறவன் முப்பது நாள் நகராட்சிப் பலகையில் தொங்க வேண்டும் என்பது சட்டம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பலகையை அதுவரை சீந்துவாரில்லை. நோட்டீசை நான் ஒட்டிய மறுநாள் திருவிழாக் கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள்கூட மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தார்கள். சர்வேயர் தெருவில் இறங்கினால் போதும், "வணக்கம் காத்தோ!" என்று மாடியிலிருந்து ஒரு குரல்; "அட, செனட்டுக்குக் கிளம்பிட்டாரு, வழி விடுங்கப்பா!" என்று எதிரிலிருந்து இன்னொன்று. ஊரில் நாற்பது போர்க்குக் குடும்பம் இருந்தது. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஓசியில் கிடைத்த வேடிக்கையை யார் கெடுப்பார்கள்?

அதோடு நின்றிருந்தால் அவர் பாடு. இருபத்திரண்டாம் நாள் காலை, நகராட்சி வாசலில் ஒரு கழுதை வண்டி வந்து நின்றது. அக்கா விதாலியா இறங்கினாள். வண்டிக்குள் பாசி பிடித்த ஒரு கல்லறைக் கல். அதில் "ஜெசுவினோ போர்க்கு" என்று அவள் அப்பாவின் பெயர்.

"கப்ராஸ் தம்பி, வெளிய வா. இவரு யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுக்கா. உங்க அப்பா."

"கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், முள்ளுச்செடிக்குள்ள குப்புறக் கெடந்தாரு. அவரு எடத்துல புது மார்பிள் பளபளன்னு நிக்குது. அதுல யாரோ போர்சியோவாம். யாருடா அவன்? எங்க அம்மா அவனைக் கட்டிக்கிட்டதா உன் புஸ்தகத்துல இருக்கா?"

இல்லை என்றேன். இருக்கவா முடியும்? ரோமிலிருந்து உத்தரவு வருமுன்பே, செத்து ஒன்பது வருடமான அப்பனுக்கு மகன் பெயர் மாற்றி வைத்திருந்தார்.

ஆள் அனுப்பிச் சிசின்னியோவை வரவழைத்தேன். வண்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் டையைச் சரிபண்ணிக்கொண்டார்.

"அக்கா, பழசு வெடிச்சுப்போச்சு. அப்பாவுக்கு ஒரு கௌரவமா இருக்கட்டுமேன்னுதான்..."

"கௌரவமா? அந்த மனுசன் பன்னி வித்து உன்னைத் தூரினுக்கு அனுப்புனாரு. ஒவ்வொரு மாசமும் உனக்கு லெட்டர் போட்டாரே, அடியில என்ன பேர் எழுதுனாரு?"

சிசின்னியோ கல்லைப் பார்க்காமல் டை முடிச்சை மறுபடியும் இறுக்கினார்.

"நீ போர்சியோவா இரு, போப்பாண்டவரா இரு, எனக்கென்ன? அவரு மனுப் போட்டாரா? சொல்லு, அவரு கேட்டாரா?"

அவள் சொல்லச் சொல்ல நான் ஆட்சேபணை எழுதினேன். அடியில் கோணல் எழுத்தில், காகிதம் கிழியும் அளவு அழுத்தி, விதாலியா போர்க்கு என்று கையெழுத்திட்டாள். சர்வேயர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அவர், தன்னை முகர வந்த கழுதையைப் பார்த்து "ச்சீ, தள்ளு" என்றார். என் பாவமும் போயிற்று.

அக்டோபரில் உத்தரவு வந்தது. சிசின்னியோ போர்சியோ ஆகலாம், அவர் மட்டும். அப்பா போர்க்குவாகவே இருப்பார், மகன் தன் செலவில் பழைய கல்லை நட்டுக்கொடுக்க வேண்டும். சிசின்னியோவின் பிறப்புப் பதிவின் ஓரத்தில் சட்டப்படி நானே எழுதினேன்: "முன்பு போர்க்கு என்று அழைக்கப்பட்டவர்." இனி எந்த நகலை எடுத்தாலும் அந்த வரியும் கூடவே வரும்.

நவம்பரில் மலைமேல் ஒரு மேய்ச்சல் நிலத்தை அளக்கப் போனார். அந்த எல்லைத் தகராறுக்கு நகராட்சி ஆளாக நானும் போயிருந்தேன். வேலிக்கு உள்ளே ஒரு கிழட்டு இடையர், தோளில் துப்பாக்கி, காலடியில் மூன்று நாய்கள்.

"யாரது?"

"சர்வேயர் போர்சியோ!"

"போர்சியோவா? இந்தப் பக்கம் அப்படி யாரும் கெடையாதே. கடல் தாண்டி வந்த அக்கரைக்காரனா? எங்க நெலத்தை அளக்க அக்கரைக்காரன் எதுக்கு? டேய், புடிங்கடா!"

நாய்கள் வேலியைத் தாண்டின. சர்வேயர் அளவுகோலைப் போட்டுவிட்டு ஒரு பாறைமேல் தாவி ஏறிக் கத்தினார்: "ஐயா! நான் ஜெசுவினோ போர்க்கு மகன்! வில்லாசெக்கா போர்க்கு! பன்னிக்கார ஜெசுவினோ மகன்யா!"

இடையர் விசிலடித்தார், நாய்கள் நின்றன. "அட, ஜெசுவினோ பையனா நீ? அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? எறங்கி வா, பாலாடைக்கட்டி சாப்பிடு."

சாப்பிட்டார். ஒயினும் குடித்தார். கிளம்பச் சாயங்காலம் ஆயிற்று. இறங்கி வரும்போது கேட்டேன்: "சர்வேயரே, பழைய பேருக்கே திரும்பிடலாமே? மனு நான் எழுதித் தர்றேன்."

அளவுகோலைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"மறுபடியும் முப்பது நாள் பலகையில ஒட்டுவீங்களா?"

"சட்டம் அப்படி. ஒட்டித்தான் ஆகணும்."

"அப்ப வேணாம்," என்றார்.